மோட்டார் சைக்கிள் நெடும்பயணத்துக்கு ஜி.பி.எஸ். கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேலூர்ப் பகுதியினருக்கான வழிகாட்டி

வேலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் எந்தத் திசையிலும் நல்ல பாதை உண்டு. தேசிய நெடுஞ்சாலை 48-இல் மேற்கே போய் வாணியம்பாடியைத் தாண்டித் திரும்பினால் ஏலகிரி. போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஏறினால் ஜவ்வாது மலை. வடக்கே சித்தூர், மதனப்பள்ளி கடந்தால் ஹார்ஸ்லி ஹில்ஸ். நீண்ட விடுமுறை வாய்த்தவர்களுக்குக் கொல்லிமலை, வால்பாறை, குடகு. ஊருக்குள் ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பயணங்களுக்குத் தயாராகும்போது முதலில் கேட்பது "எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்?" என்பதுதான். கடையில் கேட்டால் திரையின் அளவையும் விலையையும் சொல்வார்கள். திரைக்குள் இருக்கும் வரைபடத்தில் ஜமுனாமரத்தூர்ச் சாலை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய திரையும் மலைமேல் உதவாது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆகவே முதலில் வரைபடத்தையும் அதன்பின் கருவியையும் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செயற்கைக்கோள் அமைப்பு. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால், கையிலிருக்கும் கருவி தன் இடத்தையும் உயரத்தையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு மொபைல் டவரோ இன்டர்நெட்டோ சந்தாவோ தேவையில்லை. புதியவர்கள் பலர் குழம்பும் இடம் இதுதான். மலையில் சிக்னல் போய்விட்டால் ஜி.பி.எஸ். நின்றுவிடுவதில்லை, இன்டர்நெட் வழியாக வந்துகொண்டிருந்த வரைபடம்தான் நின்றுபோகிறது. வெறும் சாம்பல் நிறத் திரையின் நடுவே நீலப்புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருப்பதை ஜவ்வாது மலையில் பலரும் பார்த்திருப்பார்கள். வரைபடம் முன்பே கருவிக்குள் இறக்கப்பட்டிருந்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே சாலையும் தெரியும்.

கருவியை நெடுநாள் அணைத்து வைத்திருந்துவிட்டு வேறு ஊரில் இயக்கினால், இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணை முழுவதும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். ஸ்மார்ட்போன் இந்த விவரங்களை இன்டர்நெட் வழியாக வாங்கிக்கொள்வதால் உடனே இடத்தைக் காட்டிவிடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அதற்கும் தாமதம் ஏற்படும். ஆகவே மலையடிவாரத்திலேயே, திறந்த வானத்தின் கீழ், கருவியை இயக்கி இடம் காட்டும்வரை நின்றுவிட்டுப் புறப்படுவது நல்லது.

இன்றைய கருவிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குகின்றன. இஸ்ரோவின் நாவிக் இந்தியாவுக்காகவும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையிலான பரப்புக்காகவும் அமைக்கப்பட்டது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதற்கொண்டு, சாதாரணக் கருவிகளுக்கு எளிதான எல்1 அலைவரிசையும் அதில் சேர்ந்திருக்கிறது. வாங்கும் கருவியில் நாவிக் இருந்தால் மகிழ்ச்சி. இல்லை என்பதற்காக நல்ல கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு அமைப்புகளையாவது ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். இருபுறமும் பாறையோ மரக்கூட்டமோ மறைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் அதன் பயன் தெரியும்.

இரண்டாம் படி: எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

அடுத்த ஓராண்டில் போக எண்ணியிருக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை சென்னை, பெங்களூரு, திருவண்ணாமலை, திருப்பதி என்று நெடுஞ்சாலையிலேயே முடிந்துவிட்டால், இப்போதிருக்கும் மொபைலும் அதை ஹேண்டில்பாரில் பிடித்துவைக்கும் நல்ல மவுண்ட்டும் போதும். ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை என்று மலைச்சாலைகள் மிகுந்திருந்தால், இன்டர்நெட் இல்லாமல் வழி கணக்கிடும் செயலி கட்டாயம். வடகிழக்கு மாநிலங்களுக்கோ லடாக்குக்கோ வாரக்கணக்கில் போகிறவர்கள்தான் தனி ஜி.பி.எஸ். கருவியைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும். பணத்தைச் செலவிடுமுன் இந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வரைபடத்தைச் சோதியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒரு வரைபடம் நல்லதா என்பதை அறிய உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடங்களையே அதனிடம் கேட்க வேண்டும். உங்கள் தாத்தா ஊருக்குப் போகும் கிளைச்சாலை, அண்மையில் திறந்த மேம்பாலம், மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் தரைப்பாலம் ஆகிய மூன்றும் அதில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மூன்றில் இரண்டு தவறாக இருந்தால் தெரியாத ஊரில் அந்த வரைபடத்தை நம்ப முடியாது.

கூகுள் மேப்ஸ் எல்லோருக்கும் பழக்கமானது. 2017 டிசம்பரில் இந்தியாவில் அதில் இரு சக்கர வாகனத்துக்கென்றே தனி வழிமுறை வந்தது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் இன்டர்நெட் இல்லாத நிலையில் போக்குவரத்து நெரிசல் விவரமும் மாற்று வழிகளும் அதில் கிடைக்கா. மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலி இந்தியச் சாலைகளை மனத்தில் வைத்தே உருவானது. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய இரண்டும் 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் அறவே இல்லாமல் தேடவும் வழி கணக்கிடவும் முடியும். நம் மலைப்பகுதிகளின் சிறு பாதைகள் இவற்றில் தெரியும். கடைகளையும் உணவகங்களையும் தேட மற்ற செயலிகளே எளிது. ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல், முதன்மையாக ஒன்றும் இன்டர்நெட் இல்லாதபோது திறக்க ஒன்றுமாக இரண்டு வரைபடங்களை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

ஊர்ப்பெயர்த் தேடலில் கவனம் வேண்டும். ஏலகிரி மலையேற்றம் ஜோலார்பேட்டை அருகிலுள்ள பொன்னேரியில் தொடங்குகிறது. வெறுமனே பொன்னேரி என்று கொடுத்தால், சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பொன்னேரிக்கு வழி கிடைத்துவிடலாம். அது முற்றிலும் எதிர்த்திசை. திருப்பத்தூர் என்றால் சிவகங்கை மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது. ஆற்காடு என்று தேடும்போது சென்னையின் ஆற்காடு சாலையும் பட்டியலில் வரும். குடியாத்தம், ஆரணி, வாலாஜாபேட்டை, ஜவ்வாது ஆகிய பெயர்களுக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் வழக்கில் இருப்பதால், ஒரு வடிவத்தில் கிடைக்காதது இன்னொரு வடிவத்தில் கிடைக்கும். 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. பழைய வரைபடம் உள்ள கருவியில் அந்த ஊர்கள் இன்னமும் வேலூர் மாவட்டத்தின் கீழேயே இருக்கும். தேடிக் கிடைத்த இடத்தின் தொலைவையும் திசையையும் ஒருமுறை பார்த்த பிறகே புறப்படுங்கள்.

ஊர்ப்பெயர் ஏமாற்றும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே நம்பகமானவை. அவற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. காவலூரிலுள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இடம் 12 பாகை (டிகிரி) 34.6 கலை (மினிட்) வடக்கு, 78 பாகை 49.6 கலை கிழக்கு. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், இதையே தசம எண்ணில் எழுதினால் 12.577, 78.827 என்று வரும். இது தெரியாமல் 12.346, 78.496 என்று கருவியில் கொடுத்தால், அது உங்களைச் சுமார் 25 கிலோமீட்டர் தெற்கேயும் 35 கிலோமீட்டர் மேற்கேயும் தள்ளி, ஊத்தங்கரைப் பகுதியில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே கருவியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) தசமப் பாகை வடிவத்தையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் அனுப்பும் எண்களையும் அதே வடிவத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அமைப்புகள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காருக்காக அமைத்த பழக்கத்தில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும்படி வைத்திருந்தால், பள்ளிகொண்டாவையும் வாணியம்பாடியையும் தவிர்ப்பதற்காகக் கருவி உங்களைத் தேவையில்லாமல் ஊர்களுக்குள் சுற்றவைக்கும். அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். இதற்கு மாறாக, சில விரைவுச்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கே அனுமதியில்லை; பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. நம் பகுதி வழியாக வரும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் நுழைவுக் கட்டுப்பாடு உள்ள சாலையாகவே அமைக்கப்படுகிறது. கருவி கார் முறையில் இருந்தால் இப்படிப்பட்ட சாலைகளையே முதலில் காட்டும். பந்திப்பூர் வனப்பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்படுவது போன்ற நேரக் கட்டுப்பாடுகளையும் பல கருவிகள் அறியா. அவற்றை நீங்களே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மிகக் குறைந்த தொலைவு என்ற அமைப்பைப் புதியவர்கள் தவிர்ப்பதே நல்லது. இரண்டு கிலோமீட்டரை மிச்சப்படுத்துவதற்காக அது ஏரிக்கரையிலும் நெற்களத்தின் ஓரத்திலும் வழி காட்டும். நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் அருகருகே ஓடும் இடங்களில், உதாரணமாக வேலூர் கிரீன் சர்க்கிளை ஒட்டிய பகுதியில், நீங்கள் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பதில் எந்தக் கருவியும் தடுமாறலாம். திறந்த வெளியிலேயே சாதாரணக் கருவியின் துல்லியம் சில மீட்டர் அளவுதான். அங்கெல்லாம் திரையைவிடச் சாலைப் பலகையையே நம்புங்கள்.

நான்காம் படி: கருவியின் வகையை முடிவுசெய்யுங்கள்

வரைபடம் முடிவானதும், அதை ஓட்டக்கூடிய கருவியைத் தேட வேண்டும். அன்றாடம் பயன்படுத்தும் மொபைலையே பொருத்துவது செலவில்லாத வழி. இதிலுள்ள ஆபத்து, வழிகாட்டி, தொலைபேசி, பணப்பை, டிக்கெட் ஆகிய அனைத்தும் ஒரே பொருளில் இருப்பது. அது கீழே விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கேமராவிலுள்ள படநிலைப்படுத்தும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது. சக்தி மிகுந்த எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிள்களில் ஐபோனைப் பொருத்த வேண்டாம் என்றும், ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளில் பொருத்தினாலும் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட்டைப் பயன்படுத்துமாறும் அது கேட்டுக்கொண்டது. ஒற்றை சிலிண்டர் வண்டிகளே மிகுந்திருக்கும் நம் ஊரில் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இரண்டாவது மொபைல். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல நிலையிலுள்ள ஆண்ட்ராய்டு மொபைலை எடுத்து, தேவையற்ற செயலிகளை நீக்கி, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வரைபடங்களையும் இறக்கி, வண்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதற்கு சிம் கார்டுகூட வேண்டியதில்லை. நெரிசல் விவரம் வேண்டுமென்றால் பையிலுள்ள மொபைலின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தலாம். மழையிலோ விழுந்தோ அது கெட்டாலும், வீட்டுக்குப் பேசும் மொபைல் ஜாக்கெட்டின் உள்பையில் பத்திரமாக இருக்கும். நம் மாவட்டங்களிலும் அண்டை மாநிலங்களிலும் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதற்குமேல் தேவைப்படாது.

வண்டியோடு வரும் திசைகாட்டிகளும் உண்டு. ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350 வண்டியுடன் ட்ரிப்பர் என்ற சிறு வட்டத் திரையைக் கொண்டுவந்தது; மொபைலில் கணக்கிடப்படும் வழியை அது அம்புக்குறியாகக் காட்டும். 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இன் திரையில் வரைபடமே தெரியும். டி.வி.எஸ். போன்ற நிறுவனங்களின் வண்டிகளிலும் புளூடூத் வழியே இத்தகைய வசதி கிடைக்கிறது. அம்பு மட்டும் தெரிவதால் கண் சாலையை விட்டு அதிகம் விலகாது என்பது இவற்றின் நன்மை. ஆனால் இவற்றுக்குப் பின்னால் மொபைல்தான் வேலை செய்கிறது. மொபைலின் செயலிகளை வெளித்திரையில் காட்டும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று சொல்லி விற்கப்படும் ஐந்து அங்குலத் திரைகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் பலவற்றுக்குச் சொந்த வரைபடம் கிடையாது. மொபைல் பையில் பத்திரமாக இருக்க, மழையும் வெயிலும் தாங்கும் திரை வெளியே இருப்பது மட்டுமே அவற்றால் கிடைக்கும் ஆதாயம். அதுவே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

இனி தனி ஜி.பி.எஸ். கருவி. கார்மின் நிறுவனத்தின் ஸூமோ வரிசையும் டாம்டாம் நிறுவனத்தின் ரைடர் வரிசையும் மோட்டார் சைக்கிளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. 2020-இல் வந்த ஸூமோ எக்ஸ்டி 5.5 அங்குலத் திரை கொண்டது. அமெரிக்காவில் அதன் விலை 499.99 டாலராக அறிவிக்கப்பட்டது. கையுறையோடு தொட்டாலும் வேலை செய்வது, நேர்வெயிலில் தெரிவது, மழையில் நனையலாம் என்பது, அதிர்வைத் தாங்குவது ஆகியவற்றுக்காகத்தான் அந்த விலை. வாலாஜாவிலோ ஆம்பூரிலோ இருக்கும் பலருக்கு வளைகுடா நாடுகளில் உறவினர் உண்டு; வரும்போது ஒன்று வாங்கி வரச் சொல்வதும் வழக்கம். அப்படி வாங்குமுன் அந்த மாதிரியில் இந்திய வரைபடம் இருக்கிறதா, இல்லையென்றால் தனியாக வாங்கி ஏற்ற முடியுமா, பழுதானால் இங்கே சர்வீஸ் கிடைக்குமா என்ற மூன்றையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ விற்கப்படும் மாதிரிகள் அந்தந்தப் பகுதி வரைபடத்தோடு வருபவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மின் கருவிக்கான இந்திய வரைபடத்தை இலவசமாக ஏற்ற முடியும் என்றாலும், கணினியில் அந்த வேலையைச் செய்யும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

நடைப்பயணிகளுக்கான இடிரெக்ஸ் போன்ற சிறு கைக்கருவிகளைச் சிலர் வண்டியில் பொருத்துகிறார்கள். பல மாதிரிகள் சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும். எந்தப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். திரை மிகச் சிறியது என்பதால் முதன்மை வழிகாட்டியாக அதை நான் சொல்ல மாட்டேன். தடம் பதிவுசெய்யவும் அவசரத்துக்கும் நல்லது.

ஐந்தாம் படி: வெயில், மழை, அதிர்வு

சித்திரை, வைகாசியில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஐபோனை 35 டிகிரி வரையிலான சுற்றுவெப்பத்தில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. நேர்வெயிலில், சார்ஜ் ஏறிக்கொண்டே, முழு வெளிச்சத்தில் வரைபடம் ஓட்டும் எந்த மொபைலும் சூடேறி முதலில் திரையை மங்கச் செய்யும். பிறகு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். கடைசியில் தானாக அணைந்துவிடும். ஓடும்போது காற்று குளிர்விக்கிறது. நகர நெரிசலில் நிற்கும்போதுதான் சூடு ஏறுகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் மொபைலை வைத்து மூடும் டேங்க் பைகளும் வயர்லெஸ் சார்ஜிங் மவுண்ட்டுகளும் இந்தச் சூட்டை மேலும் கூட்டுபவை. வெயில் காலத்தில் திறந்த மவுண்ட்டும் கம்பி வழிச் சார்ஜிங்குமே ஏற்றவை.

திரையின் வெளிச்சம் நிட்ஸ் என்ற அலகில் குறிக்கப்படும். நண்பகலில் படிக்க 1,000 நிட்ஸ் அளவாவது இருந்தால் வசதி. கடைக்குள் நின்று பார்த்து முடிவுசெய்யாமல், வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிகிறவர்கள் அதை அணிந்துகொண்டே பார்க்க வேண்டும். சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துத் தெரியும்.

மழையைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவத்தின் மாலை இடிமழையும் வடகிழக்குப் பருவத்தின் அடைமழையும் நம் பகுதிக்கு உண்டு. ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபி67 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் இருந்தாலும் நீர் உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். ஆனால் அந்தச் சோதனை நன்னீரில், புதுக் கருவியில், அசையாமல் செய்யப்படுவது. பழைய மொபைலின் ரப்பர் அடைப்புகள் தளர்ந்திருக்கலாம். மழைத்துளிகள் விழுந்தாலே தொடுதிரை தானாக வரைபடத்தை நகர்த்திவிடும் என்பதால், மழைக்கு முன்பே திரையைப் பூட்டிவிட்டு ஒலிவழியைக் கேட்டு ஓட்டுவது மேல். கூகுள் மேப்ஸ் தமிழிலேயே வழி சொல்லும். ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்கலாம். காதை அடைக்கும் இயர்போன் வேண்டாம், பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: மவுண்ட்டும் மின்சாரமும்

கருவியில் செலவழித்துவிட்டு மவுண்ட்டில் மிச்சம் பிடிப்பதைப் பரவலாகப் பார்க்கிறேன், அது வேண்டாம். உலோகத்தாலான, நான்கு மூலையையும் பிடிக்கும், அதிர்வு தாங்கும் ரப்பர் இணைப்புள்ள மவுண்ட்டை வாங்குங்கள். ஸ்பீடோமீட்டரை மறைக்காமலும், ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பும்போது கேபிள்களில் இடிக்காமலும் அது இருக்க வேண்டும். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் திரை தெரியும் உயரமே சரியான உயரம். கோட்டை வாசலிலோ மருத்துவமனை எதிரிலோ வண்டியை நிறுத்தும்போது கருவியை ஒரே அசைவில் கழற்றி எடுத்துப்போக முடிய வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜருக்கான மின்சாரத்தை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் கம்பியிலிருந்து எடுக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்பது 10 வாட். அது வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது இது பெரிதல்ல. நேரடியாகப் பேட்டரியில் இணைத்து, கருவியை இரவு முழுவதும் சார்ஜில் விட்டுவிட்டால், 8 ஆம்பியர்-மணி பேட்டரி விடியும்போது வண்டியைக் கிளப்ப முடியாத அளவுக்கு இறங்கியிருக்கலாம். பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாமல் கம்பி உரசினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஏழாம் படி: பாதைக் கோப்புகள்

நண்பர்கள் அனுப்பும் பாதைகள் ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பாக வரும். அதற்குள் மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்: தனித்தனி இடக்குறிகள், வழி, தடம். வழி என்பது சில இடங்களின் வரிசை மட்டுமே. இடையிலுள்ள சாலையை உங்கள் கருவி தன் வரைபடத்தின்படி தானே கணக்கிடும். ஆகவே ஒரே கோப்பு இரண்டு கருவிகளில் இரண்டு விதமாக வரும். தடம் என்பது ஒருவர் உண்மையில் ஓட்டிய கோடு. கருவி அதை மாற்றாது. மலைப்பாதைகளுக்குத் தடத்தையே கேட்டு வாங்குங்கள். நீங்களே வழி அமைக்கும்போது நீங்கள் விரும்பும் சாலையின் நடுவில் ஒன்றிரண்டு குறிகளை வையுங்கள்; சந்திப்பின் மேல் வைத்தால் கருவி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிவரச் சொல்லும். வாங்கும் கருவியோ செயலியோ தடத்தைத் திறந்து அதன்மேல் வழிகாட்டுகிறதா என்று முன்பே சோதியுங்கள்.

எட்டாம் படி: சட்டம்

2020 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது மொபைலை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் பிரிவு 184-இன் கீழ் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். எதையும் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இதைவிடக் கடுமையான ஒன்றைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் அலையை வாங்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவிக்குத் தடையில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் அவற்றோடு பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் கைதுசெய்யப்பட்டிருக்கிறார்கள். கார்மின் மான்டானா 700i, ஜி.பி.எஸ்.மேப் 66i போன்ற மாதிரிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மாதிரி எண்ணின் கடைசியிலுள்ள i என்ற எழுத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் கருவி கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 ஆகிய எண்களைச் சேமித்துக்கொண்டு, போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஒன்பதாம் படி: ஒரு பகல் சோதனை

திருப்பித்தரும் காலக்கெடு முடியுமுன் கருவியை ஒரு பகல் முழுவதும் ஓட்டிச் சோதியுங்கள். வேலூரிலிருந்து நெடுஞ்சாலையில் வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், பிறகு போளூருக்கு இறங்கிக் கண்ணமங்கலம் வழியாக வீடு திரும்பும் சுற்று இதற்கு மிகப் பொருத்தமானது. நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோடு, ஊர்ச்சாலை, மலைவளைவு, சிக்னல் இல்லாத காட்டுப்பகுதி ஆகிய எல்லாமே அதில் வந்துவிடுகின்றன. ஆலங்காயத்தைத் தாண்டியதும் மொபைலின் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, ஜமுனாமரத்தூருக்குப் புதிதாக வழி கேளுங்கள். பாதுகாப்பான இடத்தில் வேண்டுமென்றே தவறாகத் திரும்பி, கருவி எவ்வளவு விரைவில் வேறு வழி சொல்கிறது என்று பாருங்கள். நண்பகலில் ஒருமுறை நிறுத்திக் கருவியின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். கையுறையைக் கழற்றாமல் வரைபடத்தைப் பெரிதாக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இவற்றில் இன்டர்நெட் இல்லாமல் வழி சொல்வதிலும் வெயிலில் தெரிவதிலும் தோற்ற கருவியைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். மற்ற குறைகளை அமைப்புகளில் சரிசெய்துகொள்ளலாம்.

வீடு வந்ததும் மவுண்ட்டின் எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள். முதல் பயணத்தின் அதிர்விலேயே அவை தளர்ந்திருக்கும். அன்று பதிவான தடத்தைக் கணினியில் திறந்து வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால், எந்தச் சாலை விடுபட்டிருக்கிறது, எந்த ஊரின் பெயர் தவறாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்குவதற்குக் கட்டணம் இல்லை. அந்தத் தடத்தை ஏற்றி, விடுபட்ட சாலையை வரைந்து, ஊர்ப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். ஆஸ்மாண்டின் மாதாந்தரப் புதுப்பிப்பில் அந்தச் சாலை அடுத்து வருகிறவர்களின் கருவியிலும் இருக்கும்.